அடிக்க ஆள் இருக்கு... வீச ஆள் எங்கே? பால்டிமோர் ரசிகர்களின் தீராத கேள்வி

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஒரு பேஸ்பால் ரசிகரிடம் போய், 'உங்க டீம் எப்படி?' என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். 'எங்க பசங்க மாதிரி இளம் பேட்டர்கள் எந்த டீம்லயும் இல்ல' என்பது முதல் பதில். 'ஆனா பந்து வீச ஆள் இல்ல' என்பது இரண்டாவது. கடந்த சில வருடங்களாக ஓரியோல்ஸ் ரசிகர்களின் பேச்சு இந்த இரண்டு வரிகளைத் தாண்டவே இல்லை.

2023-ல் 101 வெற்றி. 2024-ல் 91 வெற்றி. 2025-ல் வெறும் 75. டீமில் இருந்தவர்கள் பெரும்பாலும் அதே பசங்கதான். அப்படியிருக்க இந்தச் சரிவு எப்படி வந்தது? பிட்சிங்தான் காரணமா, இல்லை ரசிகர்கள் கொண்டாடும் அந்த இளம் பேட்டர்களுக்கும் இதில் பங்கு உண்டா? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், பிட்சர் ஏன் இவ்வளவு முக்கியம்?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும் கணக்கு இது. பேஸ்பாலில் ஒரு அணிக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் 3 அவுட். அதாவது எதிரணியின் 27 அவுட்டுகளை எடுத்தாக வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது 'ஸ்டார்ட்டர்', வழக்கமாக 5 அல்லது 6 இன்னிங்ஸ் வீசுவார். சுமார் 90 பந்துகள். நம்ம கணக்கில் 15 ஓவர், ஒரே ஆளாக, ஒரே மாலையில். ஓட்டம் கிடையாது. ஒரு சின்ன மேட்டில் நின்றபடி, 18.44 மீட்டர் தூரத்துக்கு முழு பலத்தோடு எறிய வேண்டும். மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் இன்று மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

இப்படி வீசியவரால் மறுநாள் வீச முடியாது. நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும். அதனால் ஒவ்வொரு அணியும் ஐந்து ஸ்டார்ட்டர்களை வைத்துச் சுழற்சி முறையில் இறக்கும். ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை, ஏறக்குறைய தினமும் ஆட்டம். ஐவரில் இருவர் காயமடைந்தால் போதும், வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டம் ஆரம்பத்திலேயே கை நழுவும் நிலை வந்துவிடும்.

115 தோல்வியைப் பொறுத்துக்கொண்டது எதற்காக?

ஓரியோல்ஸ் கடைசியாக உலக சீரிஸ் ஜெயித்தது 1983-ல். 2018-ல் நிலைமை ரொம்ப மோசமாகி, 47 வெற்றி, 115 தோல்வி என்று முடிந்தது. அந்த வருடம் நவம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியிலிருந்து மைக் எலியாஸ் பொது மேலாளராக வந்தார். பழைய வீரர்களை விட்டுவிட்டு, டிராஃப்ட் மூலம் இளைஞர்களைச் சேர்த்து, அடியிலிருந்து புதிதாகக் கட்டுவது அவருடைய திட்டம்.

டிராஃப்ட் என்பது பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை. மோசமாகத் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு என்பதுதான் அன்றைய விதி. ஓரியோல்ஸ் 2019-ல் 108 ஆட்டங்களிலும், 2021-ல் 110 ஆட்டங்களிலும் தோற்றது. ரசிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார்கள். 'இப்போ தோக்குறது நாளைக்கு ஜெயிக்கத்தான்' என்பது நிர்வாகத்துக்கும் ரசிகருக்கும் இடையே இருந்த எழுதப்படாத ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தின் முதல் பாதி நன்றாகவே நிறைவேறியது. 2019 டிராஃப்டின் முதல் தேர்வு கேட்சர் ஆட்லி ரட்ச்மன். அதே டிராஃப்டில் 42-வது ஆளாக எடுத்த கன்னர் ஹெண்டர்சன் 2023-ல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார், 2024-ல் 37 ஹோம் ரன் அடித்தார். 2022-ன் முதல் தேர்வு ஜாக்சன் ஹாலிடே. இவர்களோடு கோல்டன் கவ்சர், ஜோர்டன் வெஸ்ட்பர்க், ஹெஸ்டன் கெர்ஸ்டாட். 2022 மே மாதம் ரட்ச்மன் முதன்முறையாகக் களமிறங்கிய பிறகு அணியின் முகமே மாறியது. முந்தைய வருடம் 52 ஆட்டம் ஜெயித்த அணி, அந்த வருடம் 83 ஜெயித்தது. அடுத்த வருடம் 101.

ஆறு வருடம், ஆறு தேர்வு, ஒரு பிட்சர்கூட இல்லை

ரசிகர்களின் கோபம் தொடங்கும் இடம் இது. 2019 முதல் 2024 வரை ஓரியோல்ஸின் முதல் தேர்வுகள் ரட்ச்மன், கெர்ஸ்டாட், கவ்சர், ஹாலிடே, என்ரிகே பிராட்ஃபீல்ட், வான்ஸ் ஹனிகட். ஆறு பேருமே பேட்டர்கள். முதல் சுற்றில் பிட்சருக்கு இடமே இல்லை.

இது மறதியில் நடந்தது இல்லை, தெரிந்தே எடுத்த முடிவு. இதற்குப் பின்னால் நியாயமான காரணமும் இருக்கிறது. பேட்டரின் எதிர்காலத்தைப் பிட்சரின் எதிர்காலத்தைவிடக் கொஞ்சம் நம்பிக்கையோடு கணிக்கலாம். பிட்சரின் எதிர்காலமோ முழங்கையின் உட்பக்கம் உள்ள ஒரு சின்ன ஜவ்வை நம்பி இருக்கிறது. அது கிழிந்தால் 'டாமி ஜான்' அறுவை சிகிச்சைதான். உடம்பில் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் பொருத்துவார்கள். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்ததால் இந்தப் பெயர். திரும்பி வந்து வீச 12 முதல் 18 மாதங்கள் ஆகும்.

இளம் பிட்சர்களை நம்பியவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு நியூயார்க் மெட்ஸ் நல்ல உதாரணம். பத்து வருடங்களுக்கு முன் பேஸ்பால் உலகமே பொறாமைப்பட்ட ஐந்து இளம் பிட்சர்கள் அவர்களிடம் இருந்தார்கள். மேட் ஹார்வி, ஜேக்கப் டிகிராம், நோவா சிண்டர்கார்ட், ஸ்டீவன் மேட்ஸ், சாக் வீலர். 2015-ல் மெட்ஸ் உலக சீரிஸ் வரை போனது. ஆனால் அந்த ஐந்து பேருக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஒருவர்கூடத் தப்பவில்லை.

பிட்சர்களின் காயங்கள் பற்றி மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதிக வேகம், பந்தை அதிகமாகத் திருப்பும் முயற்சி, ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவது ஆகியவற்றைத்தான் அது முக்கியக் காரணங்களாகச் சொன்னது. அதாவது ஒரு பிட்சரைச் சிறந்தவர் ஆக்கும் விஷயமே அவர் கையையும் கெடுக்கிறது.

அதனால் எலியாஸின் திட்டத்துக்கு இரண்டு பாதி உண்டு. பேட்டர்களை வீட்டிலேயே வளர்ப்பது முதல் பாதி. பிட்சர்களைத் தேவைப்படும்போது வெளியிலிருந்து வாங்குவது இரண்டாம் பாதி.

இந்த வழியில் ஜெயித்தவர்கள் உண்டா?

உண்டு. அதுதான் பால்டிமோர் ரசிகரை இன்னும் கடுப்பாக்குகிறது. சிகாகோ கப்ஸ் 2016-ல் 108 வருடக் காத்திருப்பை முடித்துக் கோப்பை வென்றது இதே பாணியில்தான். டிராஃப்டில் கிரிஸ் பிரையன்ட், கைல் ஷ்வார்பர் போன்ற பேட்டர்களைச் சேர்த்தார்கள். பிட்சர் ஜான் லெஸ்டரை 6 வருடத்துக்கு 15.5 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். 2016 ஜூலையில் கிளெய்பர் டோரஸ் என்ற அருமையான இளம் வீரரைக் கொடுத்து ஆரோல்டிஸ் சாப்மனைக் கொண்டுவந்தார்கள்.

அந்த அணியின் இன்னொரு முக்கிய பிட்சர் ஜேக் அரியேட்டா. அவரை கப்ஸ் எங்கிருந்து கொண்டுவந்தது தெரியுமா? பால்டிமோரிலிருந்து! 2013-ல் ஓரியோல்ஸ் கைவிட்ட அரியேட்டா, 2015-ல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். ஓரியோல்ஸ் ரசிகர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் சுளிப்பார்கள்.

ஹூஸ்டனும் அப்படித்தான். எலியாஸ் அங்கே வேலை பார்த்த காலத்தில், 2017 ஆகஸ்ட் 31-ம் தேதி, கெடு முடிய இருந்த கடைசி நேரத்தில் ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் கோப்பை கைக்கு வந்தது. 'அங்க பார்த்ததை இங்க ஏன் செய்யல?' என்பதுதான் பால்டிமோர் ரசிகரின் நேரடிக் கேள்வி.

2023: வாய்ப்பு வந்தது, வாங்கவில்லை

2023 ஜூலையில் ஓரியோல்ஸ் முதலிடத்துக்கான போட்டியில் இருந்தது. மைனர் லீக்கில் இளம் திறமைகள் குவிந்து கிடந்தார்கள். அவர்களில் சிலரைக் கொடுத்துப் பெரிய பிட்சர் ஒருவரை வாங்குவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வந்தது ஜாக் ஃபிளாகர்ட்டி. அவர் கைகொடுக்கவில்லை. ஆகஸ்டில் இன்னொரு அடி. ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் 'குளோசர்' ஃபெலிக்ஸ் பாடிஸ்டாவின் முழங்கை ஜவ்வு போனது. அந்த வருடம் அவர் 33 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர்.

அக்டோபரில் பிளே ஆஃப். எதிரே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ். முதல் ஆட்டம் 3-2 தோல்வி. இரண்டாவது ஆட்டத்தை 23 வயது புதுமுகம் கிரேசன் ராட்ரிகஸ் தொடங்கினார். இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியாமல் 5 ரன் கொடுத்து வெளியேறினார். பேட்டர்கள் 8 ரன் அடித்தும் 11-8 தோல்வி. மூன்றாவது ஆட்டம் 7-1. அவ்வளவுதான், 101 வெற்றி கண்ட அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வீட்டுக்குப் போனது. அந்த ரேஞ்சர்ஸ்தான் அந்த வருட சாம்பியன்.

2024: வாங்கினார்கள்... ஆனால்?

2024 பிப்ரவரியில் ரசிகர்கள் கேட்டது கிடைத்தது. மில்வாக்கி அணியிலிருந்து கார்பின் பர்ன்ஸ் வந்தார். 2021-ல் சை யங் விருது வாங்கியவர். அவருக்காக ஜோயி ஓர்ட்டிஸ், டி.எல். ஹால் என்ற இரண்டு இளம் வீரர்களையும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் கொடுத்தார்கள். பர்ன்ஸ் சொன்னபடி வீசினார்.

ஆனால் அவரைச் சுற்றியிருந்த சுவர் சரிந்தது. முந்தைய வருடம் சை யங் வாக்கெடுப்பில் நான்காவதாக வந்த கைல் பிராடிஷ், ஜான் மீன்ஸ், டைலர் வெல்ஸ் ஆகிய மூன்று ஸ்டார்ட்டர்களுக்கும் அந்த ஒரே சீசனில் முழங்கை ஜவ்வு அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து பேர் கொண்ட சுழற்சிக்கு மூன்று பேரின் இழப்பு எவ்வளவு பெரியது என்று விளக்கத் தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் பிளே ஆஃப் வந்தது. கன்சாஸ் சிட்டிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பர்ன்ஸ் 8 இன்னிங்ஸ் தாக்குப்பிடித்து ஒரே ஒரு ரன் கொடுத்தார். தோல்வி 1-0. மறுநாள் 2-1. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஓரியோல்ஸ் பேட்டர்கள் எடுத்தது மொத்தமே ஒரு ரன்.

'பிட்சிங் இல்லாததால தோத்தோம்' என்ற வாதம் இந்த இடத்தில் இடிக்கிறது. முதல் தடவை பேட்டர்கள் 8 ரன் அடித்தும் பிட்சர்கள் கோட்டைவிட்டார்கள். அடுத்த தடவை பிட்சர்கள் மூன்றே ரன் கொடுத்தும் பேட்டர்கள் கோட்டைவிட்டார்கள். 2014 முதல் கணக்குப் போட்டால் பிளே ஆஃப்பில் தொடர்ந்து 10 ஆட்டங்களில் ஓரியோல்ஸ் தோற்றிருக்கிறது.

அந்தப் 'பசங்க' நிஜமாகவே தயாரா?

இளம் வீரர்களின் வளர்ச்சி நேர்கோட்டில் போவதில்லை. ஹாலிடே 2024 ஏப்ரலில் 20 வயதில் பெரிய எதிர்பார்ப்போடு வந்தார். முதல் பத்து ஆட்டங்களில் 34 முறை முயன்று 2 ஹிட் மட்டுமே அடித்ததால், மறுபடி மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டார். ரட்ச்மனின் பேட்டிங் 2024-ன் இரண்டாம் பாதியில் படுத்துவிட்டது. 2025-ல் காயங்களும் சேர்ந்துகொண்டன. டிராஃப்ட் பட்டியலில் ஜொலிக்கும் பெயர் எல்லாம் அக்டோபரிலும் ஜொலிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மறுபக்கம், பிட்சிங் மட்டும் இருந்தால் போதுமா? அதற்குப் பதில் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. பைரட்ஸ் அணியின் பால் ஸ்கீன்ஸ், 2023 டிராஃப்டின் முதல் தேர்வு. 2025-ல் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ரன் மட்டுமே கொடுத்து, ஒருமனதாக சை யங் விருது வாங்கினார். ஆனால் அவர் கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி. அணி மொத்தமாக 71 வெற்றிதான். உலகின் மிகச் சிறந்த பிட்சர் கையில் இருந்தும், அடிக்க ஆள் இல்லாவிட்டால் இதுதான் கதி. பால்டிமோர் ரசிகரும் பிட்ஸ்பர்க் ரசிகரும் சந்தித்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் பெருமூச்சு விடலாம்.

2025: கணக்கு எங்கே தப்பியது?

2024 சீசன் முடிந்ததும் பர்ன்ஸ் 6 வருடத்துக்கு 21 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அரிசோனாவுக்குப் போய்விட்டார். அந்த வருடம்தான் டேவிட் ரூபன்ஸ்டைன் தலைமையிலான குழு ஓரியோல்ஸை வாங்கியிருந்தது. புது உரிமையாளர் பையைத் திறப்பார் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். வந்தது 41 வயது சார்லி மோர்ட்டன் 1.5 கோடி டாலருக்கு, ஜப்பானில் பெயர் பெற்ற 35 வயது டோமோயுகி சுகானோ 1.3 கோடி டாலருக்கு, பிறகு 37 வயது கைல் கிப்சன். எல்லாமே ஒரு வருட ஒப்பந்தம். பெரிய பிட்சர் ஒருவருக்குப் பதிலாக அனுபவஸ்தர் மூவர்.

மோர்ட்டனுக்கு ஏப்ரல் முழுக்க ஒரு வெற்றிகூட இல்லை. கிப்சன் நான்கே ஆட்டங்களில் கழற்றிவிடப்பட்டார். ராட்ரிகஸ் காயத்தால் சீசன் முழுக்க ஒரு பந்துகூட வீசவில்லை. ஏப்ரல் 20-ம் தேதி சொந்த மைதானத்தில் சின்சினாட்டி ரெட்ஸிடம் 24-2 என்ற தோல்வி. அன்று பிட்சர்களை மிச்சப்படுத்த, பந்து வீசுவது தங்கள் வேலையே இல்லாத வீரர்களை வீச வைக்க வேண்டிய நிலை. மே மாதம் 15 வெற்றி, 28 தோல்வி என்று இருந்தபோது மேனேஜர் பிராண்டன் ஹைட் நீக்கப்பட்டார்.

'பர்ன்ஸை விடாம இருந்திருக்கணும்' என்று சொல்லாத ரசிகர் கிடையாது. அதே பர்ன்ஸுக்கு 2025 ஜூனில் அரிசோனாவில் டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வளர்த்தாலும் உடையும், வாங்கினாலும் உடையும். பிட்சிங்கில் பாதுகாப்பான வழி என்று ஒன்று இல்லவே இல்லை.

டிரெவர் ராஜர்ஸ் சொல்லும் பாடம்

அவசரத் தீர்ப்பு எவ்வளவு ஆபத்து என்பதற்கும் ஓரியோல்ஸிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் கைல் ஸ்டவர்ஸ், கானர் நோர்பி என்ற இரண்டு இளம் பேட்டர்களைக் கொடுத்து, மயாமியிலிருந்து டிரெவர் ராஜர்ஸ் என்ற இடது கைப் பிட்சரை வாங்கினார்கள். நான்கு ஆட்டம் வீசியதும் மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். 2025-ல் ஸ்டவர்ஸ் மயாமிக்காக ஆல் ஸ்டார் ஆனதும், 'வரலாற்றிலேயே மோசமான டிரேடு' என்று ரசிகர்கள் கொந்தளித்தார்கள்.

ஆனால் அதே 2025-ல் ராஜர்ஸ் திரும்பி வந்தார். 18 ஆட்டங்கள் தொடங்கி, 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.81 ரன் மட்டுமே கொடுத்தார். மூழ்கிய சீசனில் அணியின் மிகச் சிறந்த பிட்சர் அவர்தான். கொடுத்தவரும் ஜொலித்தார், வாங்கியவரும் ஜொலித்தார். இந்த டிரேடில் யார் ஏமாந்தது என்று யோசித்தால் விடை கிடைப்பது கஷ்டம்.

ஏன் இவ்வளவு அவசரம்?

பசங்க இளசுதானே, கொஞ்சம் காத்திருந்தால் என்ன என்று தோன்றலாம். மேஜர் லீக் விதிப்படி ஒரு வீரர் 6 வருட சேவை வரைதான் முதல் அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார். பொதுவாக முதல் மூன்று வருடம் குறைந்தபட்ச சம்பளத்தை ஒட்டியே கிடைக்கும். 2025-ல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று வருடம் சம்பளம் ஏறும். அதன்பின் அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

இதனால் சிறந்த இளம் பேட்டர்கள் குறைந்த சம்பளத்தில் இருக்கும் அந்தச் சில வருடங்கள்தான், மிச்சமாகும் பணத்தில் பிட்சர்களை வாங்கச் சரியான நேரம். ஓரியோல்ஸுக்கு அந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீண்ட கால ஒப்பந்தம் போடாவிட்டால் ரட்ச்மன் 2027 சீசனோடும், ஹெண்டர்சன் 2028 சீசனோடும் வெளியேறலாம். இளம் கேட்சர் சாமுவேல் பசாலோவுக்கு மட்டும் 2025 ஆகஸ்டில் 8 வருடத்துக்கு 6.7 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு எப்போது என்பது ரசிகர்களின் அடுத்த கேள்வி.

நிர்வாகம் விழித்துக்கொண்டதா?

2025 சீசன் முடிந்த பிறகு நடந்ததைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. கிரெய்க் அல்பர்னாஸ் புது மேனேஜராக வந்தார். பவர் பேட்டர் பீட் அலோன்சோவுக்கு 5 வருடத்துக்கு 15.5 கோடி டாலர் கொடுத்தார்கள். நான்கு இளம் வீரர்களையும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் கொடுத்து டம்பா பேயிலிருந்து பிட்சர் ஷேன் பாஸை வாங்கினார்கள். முன்பு பொத்திப் பொத்தி வைத்த இளம் திறமைகளை இப்போது செலவு செய்கிறார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் பிராடிஷும் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிவிட்டார்.

அதே நேரம் ராட்ரிகஸை ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு பேட்டர் டெய்லர் வார்டை வாங்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அணியின் எதிர்கால முதல் பிட்சர் என்று ரசிகர்கள் கொண்டாடிய பையன் அவர். 'பிட்சர் இல்லன்னு சொல்றோம், இருக்கிற பிட்சரைக் கொடுத்து மறுபடி பேட்டரா?' என்று ரசிகர்கள் தலையில் கைவைத்தார்கள். காயங்களோடு போராடும் ஒரு கையை இன்னும் எத்தனை வருடம் நம்புவது என்பது நிர்வாகத்தின் கணக்கு.

மொத்தத்தில் ரசிகர் சொல்வதில் பாதி சரி. டிராஃப்டில் பிட்சரை எடுக்காதது பெரிய தப்பு இல்லை, அந்த முடிவுக்குக் காரணம் இருந்தது. எடுக்காமல் விட்டதை 2023-லும், பர்ன்ஸ் போன பிறகும் பணம் கொடுத்தோ வீரர்களைக் கொடுத்தோ ஈடுகட்டாததுதான் தப்பு. மீதிப் பாதி அந்தப் பசங்க கையில்தான் இருக்கிறது. பிட்சர் ஒரே ஒரு ரன் கொடுக்கும் நாளில், அவர்கள் இரண்டு ரன் அடித்தாக வேண்டும்.

ரட்ச்மனின் ஆறு வருடம் முடிய இன்னும் இருப்பது 2026, 2027 என்ற இரண்டு சீசன்கள். 115 தோல்வியைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு அதற்குள் ஒரு பிளே ஆஃப் ஆட்டமாவது ஜெயித்துக் காட்ட வேண்டிய கடன் ஓரியோல்ஸுக்கு இருக்கிறது.